செம்பிக்குப் பிஸ்கட் சுடும் முன்

கேள்வி: டொக்டர் ஐயாவுக்கு வணக்கம். நான் விசுவமடுவில் இருக்கிறேன். சுயதொழில் பயிற்சி ஒன்றில் கேக்கும் பணிசும் செய்யப் பழகி, வீட்டிலேயே சின்ன மின் ஓவன் ஒன்றை வைத்துப் பிறந்தநாள் கேக் செய்து கொடுக்கிறேன். எங்கள் வீட்டில் செம்பி என்று ஓர் ஊர் நாய் நிற்கிறது. வயது ஐந்து, நிறை 14 கிலோ, கருத்தடை செய்தாகிவிட்டது. கனடாவில் இருக்கும் அண்ணா போன மாதம் அனுப்பிய பார்சலில் எலும்பு வடிவில் பிஸ்கட் வெட்டும் அச்சு ஒன்றும் ஒரு போத்தல் கச்சான் பட்டரும் இருந்தன. நாய்க்கு நானே பிஸ்கட் செய்து கொடுக்க வேண்டுமாம். வழக்கமாகச் செய்யும் இஞ்சி பிஸ்கட்டையே சீனி குறைத்துச் செய்தால் சரியா? கச்சான் கொடுத்தால் சொறி வரும், முட்டை கொடுத்தால் மயிர் கொட்டும் என்கிறார் பக்கத்து வீட்டு மாமி. பூச்சிக்கு நல்லது, மாவில் உள்ளி சேர் என்றும் சொல்கிறார். அம்மாவோ, "கஞ்சிக்கு வரிசையில் நின்ற சனம் நாங்கள், நீ நாய்க்குப் பிஸ்கட் சுடுகிறாயா" என்று ஏசுகிறார். நன்றாக வந்தால் கிளிநொச்சியில் ஒரு கடைக்குக் கொடுக்கலாம் என்றும் யோசனை இருக்கிறது. செம்பி கொஞ்ச நாளாக முற்றத்து மண்ணை நக்குகிறது, முன்போல ஓடுவதில்லை. ருசியாக ஏதாவது கொடுத்தால் தேறிவிடும் என்று நினைக்கிறேன்.

பதில்: தங்கச்சி, கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருக்கிறீர்கள். நான் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். மண் நக்குகிறது, ஓட்டம் குறைந்துவிட்டது. மா பிசைவது இருக்கட்டும். செம்பியைக் கூப்பிட்டு மேலுதட்டைத் தூக்கிப் பல்லைச் சுற்றியிருக்கும் முரசைப் பாருங்கள். சுகமான நாயின் முரசு பழுத்த சிவப்புக் கொய்யாவின் உட்பக்கம் போல இருக்கும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளிறிய இடம் இரண்டு விநாடிக்குள் பழைய நிறத்துக்குத் திரும்பிவிடும். சில நாய்களுக்கு முரசே கறுப்பு. அப்படியென்றால் கண்ணின் கீழ் இமையை மெல்ல இழுத்து உட்பக்கத்தைப் பாருங்கள். அது வெள்ளை இடியப்பத்தின் நிறத்தில் இருந்தால் பிஸ்கட்டை மறந்துவிட்டு ஓட்டோவுக்குச் சொல்லுங்கள்.

வன்னியில் என் மேசைக்கு வரும் நாய்களில் இரத்தம் குறைந்தவற்றுக்குக் குறைவே இல்லை. குற்றவாளிகள் பெரும்பாலும் இரண்டு பேர். ஒன்று கொக்கிப் புழு. குடல் சுவரைக் கவ்விக்கொண்டு இருந்த இடத்திலேயே இரத்தம் குடிக்கும். மற்றது உண்ணி. அது குடிக்கும் இரத்தம் போதாதென்று காய்ச்சல் கிருமிகளையும் உள்ளே ஏற்றிவிடும். அவற்றில் ஒரு வகை சிவப்பணுவுக்குள்ளேயே குடியிருந்து அதை உடைத்துக்கொண்டு வெளியே வரும். இரத்தம் குறைந்த நாய் மண்ணை நக்குவதையும் தின்பதையும் நாங்கள் அடிக்கடி காண்கிறோம். அதற்கு மலப் பரிசோதனையும் இரத்தப் பரிசோதனையும் செய்து, பிறகு மருந்து கொடுக்க வேண்டும். ருசி கூட்டிக் கொடுத்துத் தேற்றக்கூடிய சோர்வு இல்லை அது. காது மடலுக்குள்ளும் கால் விரல் இடுக்குகளிலும் இன்றே தடவிப் பாருங்கள். உண்ணிக்குப் பிடித்த வளவு அவைதான்.

இதை முதலில் சொன்னதற்கு மாமியின் உள்ளியும் ஒரு காரணம். பூச்சிக்கு உள்ளி கொடுப்பது நம் ஊரில் பழைய கைவைத்தியம். மாமியில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் உள்ளி, வெங்காயம், லீக்ஸ் எல்லாம் ஒரே குடும்பம். அவற்றில் இருக்கும் கந்தகச் சேர்வைகள் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். நிறையில் 0.5 வீதம் அளவுக்கு வெங்காயம் தின்ற நாய்க்கு இரத்தச் சோகை வரலாம். செம்பிக்கு அது 70 கிராம், அதாவது ஒரு நடுத்தரப் பம்பாய் வெங்காயம். நஞ்சில் உள்ளி அதைவிடக் கடுமையானது. காய வைத்துத் தூளாக்கினால் இன்னும் செறிவு கூடும். அவித்தாலும் பொரித்தாலும் சுட்டாலும் அந்தக் குணம் போகாது. புழு ஒரு பக்கம் இரத்தம் குடித்துக்கொண்டிருக்க, புழுவுக்கு மருந்து என்று மறுபக்கம் நாங்களே சிவப்பணுவை உடைத்தால் அந்த நாய் எங்கே போகும்? பூச்சி மருந்து மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, நிறைக்கு ஏற்ற அளவில் கொடுங்கள். உள்ளி சம்பலுக்கே இருக்கட்டும்.

இங்கே நீங்கள் கேட்காத கேள்வி ஒன்றையும் கேட்டுவிடுகிறேன். செம்பி தினமும் என்ன தின்கிறது? எங்கள் வீடுகளில் நாய்ச் சோறு என்றால் சட்டியில் மிஞ்சிய மீன் குழம்பில் பிரட்டிய சோறுதான். அதில் வெங்காயம், உள்ளி, உப்பு, தூள், தேங்காய்ப்பால், பழப்புளி எல்லாம் இருக்கும். காலம் காலமாகத் தின்று வாழ்கின்றனவே என்பார்கள். வாழ்கின்றன, ஆனால் முரசு வெளிறித்தான் வாழ்கின்றன. குழம்பு வைக்கும்போது உப்பும் தூளும் போடும் முன்பே இரண்டு துண்டு மீனை வேறாக அவித்து, முள் நீக்கி, சோற்றோடு பிசைந்து வையுங்கள். முத்தையன்கட்டுக் குளத்துத் திலாப்பியாவும் முல்லைத்தீவு நெத்தலியும் கிடைக்கிற ஊரில் இது பெரிய செலவில்லை. கருவாடு வேண்டாம், அது பாதி உப்பு. இந்த ஒரு மாற்றம் நூறு பிஸ்கட்டுக்குச் சமம் என்று நான் சொன்னால், பிஸ்கட் செய்ய ஆசைப்பட்டவருக்குக் கோபம் வரும். ஆனாலும் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

சரி, இனிப் பிஸ்கட்டுக்கு வருகிறேன்.

இஞ்சி பிஸ்கட்டைச் சீனி குறைத்துச் செய்வது வேண்டாம். இஞ்சி சிறிதளவு இருந்தால் நாய்க்கு ஒன்றும் ஆகாது. எனக்குப் பயம் அதில் போகும் மாஜரினும் அப்பச்சோடாவும். கொழுப்பு கூடினால் சில நாய்களுக்குக் கணையம் வீங்கி, வயிறு வலித்து, வாந்தி நிற்காது. தீபாவளி, வருடப்பிறப்புக்கு மறுநாள் இந்த நோயாளிகளைத் தவறாமல் பார்க்கிறேன். பொங்கி எழும்புவதும் பஞ்சு போல இருப்பதும் மனிதனின் ஆசைகள். நாய்க்கு மொறுமொறுப்பும் மணமும் போதும். ஆகவே உப்பு, சீனி, சோடா, வனிலா ஒன்றும் தேவையில்லை. கேக் செய்து பழகிய கைக்கு எதையும் போடாமல் விடுவதுதான் கடினமாக இருக்கும்.

உங்கள் கேக் மேசையே எனக்கு இன்னும் பெரிய பயம். கொக்கோத் தூளில் ஏறத்தாழ 15 கிராம், அதாவது மூன்று மேசைக்கரண்டி, செம்பியின் நிறையுள்ள நாய்க்கு வாந்தியும் படபடப்பும் வர வைக்கப் போதும். முந்திரிகை வற்றல், அதாவது காய்ந்த திராட்சை, சிறுநீரகத்தைக் கெடுக்கும். இவ்வளவு வரை பரவாயில்லை என்று அதற்கு ஓர் அளவு சொல்ல முடியாது. ஒரு நாய் கைப்பிடி நிறையத் தின்றுவிட்டுத் திரியும், இன்னொன்று சிலவற்றோடு படுத்துவிடும். திராட்சையில் இருக்கும் டார்டாரிக் அமிலமே காரணம் என்ற கருத்து 2021 முதல் வலுப்பெற்றிருக்கிறது. அதே அமிலம் பழப்புளியிலும், நீங்கள் ஐசிங்குக்கு எடுக்கும் கிறீம் ஒஃப் டார்டரிலும் உண்டு. மீன் குழம்பைப் பற்றி மேலே நான் முணுமுணுத்ததற்கு இதுவும் காரணம். சாதிக்காயையும் விட்டுவிடுங்கள்.

பணிசுக்குப் பிசைந்து பொங்க வைத்த மாவை நாய்க்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். சில வருடங்களுக்கு முன் ஒரு வெதுப்பகத்துக்காரர் தன் நாயைத் தூக்கிக்கொண்டு வந்தார். வயிறு பானை போல, நடை தள்ளாட்டம், கண்ணில் ஒரு மயக்கம். பக்கத்து வளவில் பனை ஏறுகிறவர் கள்ளு ஊற்றிக் கொடுத்துவிட்டார் என்று அவருக்குச் சந்தேகம். வழியில் நின்று சண்டையும் பிடித்துவிட்டுத்தான் வந்திருந்தார். பார்த்தால், விடியப்புறம் போறணைக்குப் போகவிருந்த மாவில் ஒரு பெரிய உருண்டையை நாய் விழுங்கியிருந்தது. வயிற்றுச் சூட்டில் ஈஸ்ட் இரண்டு வேலை செய்யும். மாவைப் பொங்க வைத்து இரைப்பையை ஊதும். சீனியை மதுசாரமாக்கி இரத்தத்தில் கலக்கும். நாய் உண்மையிலேயே வெறியில்தான் நின்றது, ஆனால் கள்ளுக்காரர் பாவம். நாய் பிழைத்தது. அவர்கள் இருவரும் இன்றுவரை கதைப்பதில்லை என்று கேள்வி.

அண்ணா அனுப்பிய கச்சான் பட்டர்ப் போத்தலைத் திறக்கும் முன் அதன் சிட்டையை வெளிச்சத்தில் பிடித்து வாசியுங்கள். வெளிநாட்டில் சீனி இல்லாத தயாரிப்புகள் சிலவற்றில் இனிப்புக்குச் சைலிட்டோல் சேர்ப்பார்கள். ஆங்கிலத்தில் எக்ஸ் எழுத்தில் தொடங்கும் சொல் அது. சில போத்தல்களில் ஈ 967 என்றோ பேர்ச் சீனி என்றோ இருக்கும். மனிதனுக்கு அது சாதுவான பொருள். நாயின் உடலோ அதைச் சீனி என்று நம்பி இன்சுலினைக் கொட்டிவிடும். இரத்தச் சீனி அரை மணிக்குள்ளேயே விழத் தொடங்கலாம். செம்பிக்கு ஒன்றரைக் கிராம் போதும் ஆபத்துக்கு, அதற்கு மேல் போனால் ஈரலும் கெடும். சீனி இல்லாத சுவிங்கமும் இதே கதைதான். பார்சல் வரும் வீடுகளில் நாய் வளர்ப்பவர்கள் எல்லோரும் இதைக் கவனிக்க வேண்டும்.

போத்தலில் கச்சானும் உப்பும் மட்டும் இருந்தால் பயமில்லை. என்னைக் கேட்டால் இங்கத்தைய கச்சானை நீங்களே இடித்துக்கொள்வது மேல். முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வாங்கி வரும் கச்சான் போதும். ஆனால் ஒவ்வொன்றாக உடைத்துப் பார்க்க வேண்டும். சுருங்கியது, கறுத்தது, பூஞ்சணம் பிடித்தது, வாயில் போட்டால் கசப்பது எதுவும் மாவுக்குள் போகக்கூடாது. 1960இல் இங்கிலாந்தில் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்து விழுந்தன. தேடிப் போனால் அவற்றின் தீனில் கலந்த கச்சான் பிண்ணாக்கில் ஒரு பூஞ்சணம் நஞ்சைக் கக்கியிருந்தது. அஃப்லடொக்சின் என்ற நஞ்சை உலகம் அறிந்தது அப்படித்தான். 2005 கடைசியில் அமெரிக்காவில், அதே நஞ்சேறிய சோளம் கலந்த நாயுணவால் நூற்றுக்கு மேற்பட்ட நாய்கள் ஈரல் கெட்டு இறந்தன. ஓவன் சூட்டுக்கு இது அடங்காது. கெட்ட கச்சானைச் சுட்டு எடுத்தால் கிடைப்பது மொறுமொறுப்பான நஞ்சு. சோளத்துக்கும் கொப்பறாவுக்கும் இதே எச்சரிக்கைதான். மாரிக்குப் பிறகு சாக்கில் கிடந்தவற்றைக் கோழிக்கும் போடாதீர்கள்.

மாமியின் மற்ற இரண்டு கூற்றுகளில் ஒன்று பாதி சரி. பச்சை முட்டையின் வெள்ளைக்கரு பயோட்டின் என்ற விற்றமினைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நெடுநாள் பச்சையாகவே கொடுத்தால் தோலும் மயிரும் கெடலாம். அவித்தால், சுட்டால் அந்தக் குணம் போய்விடும். கச்சானால் சொறி வரும் என்பதோ வீண்பழி. இங்கே நாய் சொறிந்தால் முதலில் தெள்ளு, அடுத்து உண்ணி, அடுத்து சொறிப் பூச்சி. சாப்பாட்டு ஒவ்வாமை வரிசையில் கடைசியாகத்தான் நிற்கும்.

நாய்க்கு மாப்பண்டம் செரிக்குமா என்று சிலர் கேட்பார்கள். செரிக்கும். ஓநாயோடு ஒப்பிட்டால், மாப்பொருளை உடைக்கும் நொதிக்கான மரபணுப் பிரதிகள் நாயிடம் பல மடங்கு கூடுதல் என்று 2013இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. மனிதனின் சோற்றுப் பானைக்குப் பக்கத்தில் படுத்தே அது இந்த வயிற்றைச் சம்பாதித்துக்கொண்டது.

இனிச் செய்முறை. குரக்கன் மா 150 கிராம், ஆட்டா மா 100 கிராம். சேனையில் விளைந்த பூசணியை அவித்து, தண்ணீரை வடித்து, மசித்து 150 கிராம். கோழி ஈரல் 100 கிராம், உப்பில்லாமல் அவித்து அரைத்தது. ஒரு முட்டை, ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெய். ஈரல் மணம்தான் இதில் சக்கரவர்த்தி. பக்கத்து வளவு நாய்களும் வேலியோரம் வந்து நிற்கும். ஈரல் இல்லாத நாளில் அவித்து முள் நீக்கிய மீன், அல்லது இரண்டு மேசைக்கரண்டி இடித்த கச்சான். பூசணிக்குப் பதில் வற்றாளங்கிழங்கும் ஆகும், அப்போது இனிப்பும் கலோரியும் கொஞ்சம் ஏறும். மரவள்ளியை நான் தவிர்ப்பேன். தோல் சீவி நன்றாக அவித்தால் தின்னலாம்தான், ஆனால் அரைகுறையாக வெந்த மரவள்ளியின் சயனைட்டோடு விளையாட ஒரு நாய்ப் பிஸ்கட் காரணமாக வேண்டாம்.

தண்ணீர் ஊற்றாமல் ரொட்டி மாவை விட இறுக்கமாகப் பிசையுங்கள். பூசணி ஈரமாக இருந்து கையில் ஒட்டினால் குரக்கன் மாவைத் தூவுங்கள். அரை விரல் தடிப்பில் உருட்டிப் பரப்பி, கத்தியால் பெருவிரல் நகம் அளவு துண்டுகளாக வெட்டுங்கள். ஏறத்தாழ 115 துண்டு வரும். 150 பாகை சூட்டில் 40 நிமிடம். பிறகு ஓவனை நிறுத்தி, கதவைத் திறக்காமல் இரண்டு மணி நேரம் அப்படியே விடுங்கள். உண்மையான வேலை அந்த இரண்டு மணி நேரத்தில்தான் நடக்கிறது: உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வேண்டும். ஒன்றை உடைத்தால் நடுவில் மெத்தென்று வளையாமல் பட்டென்று முறிய வேண்டும். வளைந்தால் திரும்பவும் உள்ளே வையுங்கள். மின்சாரம் போய்விட்டால் அம்மாவைக் கேளுங்கள். தாச்சியில் மணல் பரப்பி, மேலே தட்டை வைத்து மூடி, மூடிக்கு மேலும் சிரட்டைத் தணல் போட்டுக் கேக் சுட்ட தலைமுறை அது. அந்தச் சூட்டில் இது இன்னும் நன்றாகக் காயும்.

அண்ணாவின் எலும்பு அச்சைப் பற்றி ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று பார்க்கிறீர்களா? கணக்கைச் சொல்கிறேன். கருத்தடை செய்த 14 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு 800 கலோரி அளவில் போதும். பண்டம் பலகாரம் எல்லாம் சேர்ந்து அதில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது எங்கள் தொழிலில் எல்லோரும் பிடிக்கும் கணக்கு. அப்படியென்றால் 80 கலோரி. மேலே சொன்ன மாவில் மொத்தம் 1,150 கலோரி அளவில் இருக்கிறது. 115 துண்டாக்கினால் ஒன்று 10 கலோரி. செம்பிக்கு ஒரு நாளைக்கு எட்டு. அந்த அளவுக்குச் சோற்றில் ஒரு பிடி குறைய வேண்டும். எலும்பு அச்சால் வெட்டினால் ஒன்றே நாலைந்து துண்டுக்குச் சமமாகிவிடும். இரண்டு கொடுத்தால் நாள் கணக்கு முடிந்தது. நாய் எண்ணுவது எத்தனை தடவை கை நீட்டினீர்கள் என்பதைத்தான். துண்டு எவ்வளவு பெரியது என்று அது பார்ப்பதில்லை. அச்சைக் குழந்தைகளின் பிறந்தநாள் பிஸ்கட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் பாதுகாக்கும் மருந்து எதுவும் இல்லை என்பதை மறக்க வேண்டாம். நன்றாக ஆறிய பிறகு பால்மாப் பேணியில் இறுக்கி மூடினால் கோடையில் இரண்டு கிழமை. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு கிழமைக்கு மேல் நம்பாதீர்கள். மிச்சத்தைக் குளிர்சாதனப் பெட்டியின் உறைபெட்டியில் வைத்து எடுங்கள். பூஞ்சணம் ஒரு புள்ளி கண்டாலும் பேணி முழுவதும் குப்பைக்கு.

கடைக்குக் கொடுக்கும் யோசனையைக் கொஞ்சம் ஆறப்போடுங்கள். உங்கள் நாய்க்குச் செய்வது வேறு, முகம் தெரியாத நாய்க்கு விற்பது வேறு. கால்நடைத் தீன் தயாரிப்பு, விற்பனைக்கு இலங்கையில் 1986ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது. முதலில் உங்கள் பிரதேசக் கால்நடை வைத்திய அலுவலகத்தில் பதிவு பற்றிக் கேளுங்கள். அதற்கு முன் ஒரு மாரி முழுவதும் செய்து பாருங்கள். ஈரம் உங்களுக்குச் சொல்லித் தருவதை நான் எழுதிச் சொல்ல முடியாது.

அம்மாவின் பேச்சுக்குப் பதில் சொல்ல எனக்குத் தகுதியில்லை. அந்த வரிசையில் நானும் நின்றிருக்கிறேன். ஒன்று மட்டும் அவரிடம் சொல்லுங்கள். நாய்ப் பிஸ்கட்டைப் பெரிய வியாபாரமாக்கியவர் ஜேம்ஸ் ஸ்பிராட் என்ற அமெரிக்கர். 1860 வாக்கில் இங்கிலாந்துக்கு வந்தவர், துறைமுகத்தில் கப்பல்காரர் வீசிய காய்ந்த ரொட்டியை நாய்கள் ஓடி ஓடித் தின்றதைப் பார்த்துத்தான் அந்த யோசனையைப் பிடித்தார் என்பார்கள். மனிதர் தின்ன மாட்டாமல் எறிந்ததில் பிறந்த பண்டம். நம் செய்முறையிலும் பூசணியின் அழகில்லாத பக்கமும், சல்லடையில் மிஞ்சும் குரக்கன் கப்பியும் தாராளமாகப் போகலாம். ஓவனையும் இதற்கென்று தனியாக மூட்ட வேண்டாம். கேக் இறக்கிய சூட்டிலேயே தட்டை உள்ளே தள்ளி, நேரத்தை மட்டும் கொஞ்சம் கூட்டுங்கள். பிசைகிற கையும் உருட்டுகிற நேரமும் மட்டுமே கூடுதல் செலவு என்று தெரிந்தால் அவர் ஏச்சைக் குறைக்கலாம், குறைக்காமலும் விடலாம்.

இந்தக் கிழமைக்குள் செம்பியை வைத்தியரிடம் கொண்டுபோங்கள். அன்று காலை போட்ட மலத்தில் ஒரு சிறு துண்டை மூடியுள்ள சின்னப் போத்தலில் எடுத்துச் செல்லுங்கள், மண் ஒட்டாத பக்கமாகப் பார்த்து. கடைசியாக எப்போது பூச்சி மருந்து கொடுத்தீர்கள், விசர் நாய்த் தடுப்பூசி எப்போது என்பதையும் எழுதிக்கொண்டு போங்கள். முதல் தட்டுப் பிஸ்கட் அதற்குள் தயாராகிவிட்டால் நாலு துண்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். ஊசி போட்ட கையோடு நாயின் வாயில் வைக்க எங்கள் மேசையில் கடையில் வாங்கிய மாரி பிஸ்கட்தான் கிடக்கும். ஒன்று 25 கலோரி, சீனியும் போட்டது. ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிற நானும் அதைத்தான் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.